ஒன்பதுக்கு முந்தைய கட்டங்கள்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வாரம் பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் எந்தக் கட்டத்தையும் யாரும் தொட முடியாது. இப்போது மூன்றரை மணி. கலியபெருமாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பத்திகள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மணிகள், ஒன்பதில் தொடங்கி ஆறு வரை. செய்த வேலையை மவுஸால் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் அந்த நேரம் ஒரு கட்டமாக விழும். என்ன வேலை என்று சொன்னால் அதற்குரிய நிறம் வந்து உட்காரும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பச்சை, கார் நிறுத்தும் கட்டடத்துக்குச் செங்கல் நிறம், சாப்பாட்டுக்குச் சாம்பல். அவருடைய வாரம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள், ஒரே அளவில் அறுத்து அடுக்கிய மாதிரி. ஒரு தூண் ஷீட்டுக்கு ஒரு மணி நேரம். தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன கனம், வளையங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று வரைந்து அனுப்புவதுதான் தில்லைநகர் பத்தாவது கிராசில் இருந்த அந்த ஆபீசின் தொழில். வரைந்ததைச் சரிபார்ப்பது கலியபெருமாளின் வேலை. அச்செடுத்த தாளில் சரியான எண்ணின் மேல் மார்க்கரால் மஞ்சள் பூச வேண்டும், தப்பான எண்ணின் மேல் சிவப்பு. பார்த்து முடித்த ஷீட்டில் கறுப்பாக ஒரு எண்கூட மிஞ்சக் கூடாது. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே வேலை. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் ரகோத்தமன் சுவர் டிவியில் இரண்டு பேருடைய காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் இவருடைய சின்னக் கட்டங்கள், அந்தப் பக்கம் அவளுடைய நீளக் கட்டங்கள், காயப்போட்ட வேட்டி மாதிரி மேலிருந்து கீழே தொங்கிக்கொண்டு. "கலியபெருமாள் சார் ஒரு மணி நேரத்துல பாக்கற ஷீட்டை நீங்க ரெண்டு மணி நேரம் பாக்கறீங்க ஜெசிந்தா. அவருக்கு அறுபத்தியொரு வயசு. இந்த வாரக் காலண்டரப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை உங்க விஷயத்தச் சொல்றேன்." அவள் தலையை ஆட்டினாள். கலியபெருமாள் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

காலண்டரில் இருந்தது அத்தனையும் நிஜம், ஆனால் பாதி நிஜம். அதைத்தான் இன்று ஐந்து மணிக்குள் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தாக வேண்டும் என்று திங்கட்கிழமையும் நினைத்தார், செவ்வாயும் நினைத்தார். நினைப்பு வரும், வந்து அதே இடத்தில் தட்டிக்கொண்டு நிற்கும், பிறகு ஒரு ஷீட் வரும், நினைப்பு போய்விடும். துவாக்குடியில் பழைய கம்பெனியில் இருந்தபோது இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. வாசலில் ஒரு கடிகாரம், ஒரு அட்டை. உள்ளே போகும்போது ஒரு குத்து, வெளியே வரும்போது ஒரு குத்து. நடுவில் என்ன செய்தாய் என்று அந்த அட்டை கேட்டதே இல்லை. போர்மேன் கேட்பார், அவர் வாயால் கேட்பார், வாயால் பதில் சொல்லிவிடலாம். இந்தக் காலண்டர் கேட்காமலே கேட்கிறது. வெள்ளையாக ஒரு இடத்தை விட்டால் அந்த வெள்ளை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மேஜை இன்பராஜ் சொல்வான், "சார், வெள்ளையா வுடாதீங்க, டீ குடிச்சாலும் ஒருங்கிணைப்புன்னு ஒரு டப்பா போடுங்க. நான் போன வாரம் மூணு தடவ ஒருங்கிணைச்சேன், ரெண்டு தடவ வடையோட." அவனுக்கு அது விளையாட்டு. கலியபெருமாளுக்கு அப்படி வராது. ஐ.டி.ஐ.யில் பென்சில் சீவக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அளவு என்றால் அளவுதான் அவருக்கு. பாத்ரூமுக்குப் போய்வரும் நேரத்தைக்கூட ஷீட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்து, சேர்க்கக் கூடாது என்று முடிவுகட்டி, அதைச் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவர்தான் பிப்ரவரியிலிருந்து ஒரு பொய்யைக் கட்டம் கட்டமாக அடுக்கிக்கொண்டு வருகிறார். கூட்டிச் சொல்கிற பொய் இல்லை அது, குறைத்துச் சொல்கிற பொய். எல்லோரும் கூட்டுவார்கள், இவர் குறைத்தார். குறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் தோன்றியது. இப்போது இரண்டு நாற்காலி தள்ளி அந்த நஷ்டம் உட்கார்ந்து, தலையைக் குனிந்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் மூலையில் வைத்த பக்கெட்டில் சொட்டியது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே காத்திருக்க ஆரம்பித்தால் வேறு எதுவும் ஓடாது. பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானமும் இப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஷீட்டை முடித்துக் கொடுக்க எழுந்தவர், ஏதோ தோன்றி அதை மறுபடி பார்த்தார். வளையத்தின் இடைவெளி நூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. அதன்மேல் மஞ்சள். அவர் கை பூசிய மஞ்சள், ஓரம் கூடப் பிசகாமல் நேராக இருந்தது. பூசியது நினைவில்லை. அந்த எண்ணைப் படித்தது நினைவில்லை. கண் திறந்திருந்தது, கை நகர்ந்தது, நடுவில் ஆள் இல்லை. சிவப்பு போட்டுத் திருத்திக் கொடுத்துவிட்டார், யாருக்கும் தெரியாது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், இறங்க வேண்டிய உறையூர் நிறுத்தம் வந்ததும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்று கண்ணில் பட்டது. படாதவை எத்தனை? அந்தக் கேள்விக்கு விடை கிடையாது, விடை இல்லாத கணக்கு அவருக்கு ஆகாது. மறுநாள் ஏழு மணிக்கே ஆபீசுக்கு வந்தார். கீழே கண்ணாடிக் கடை திறக்கவில்லை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி, முந்தின நாள் பார்த்த ஷீட்டையெல்லாம் புதுப் பிரதி எடுத்து, முதல் எண்ணிலிருந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த நாளும் வந்தார். அடுத்த நாளும். வீட்டில் மங்கை, "திருச்சிக்கே எட்டு மணிக்குத்தான் விடியுது, உங்க ஆபீசுக்கு மட்டும் ஏழு மணிக்கு விடியுதா?" என்று கேட்டாள். "பஸ்ல கூட்டம் இருக்காது" என்றார். நாற்பது நிமிஷம் சீக்கிரம் எழுந்து இட்லி ஊற்றுகிறவள் அவள்தான் என்பது அவருக்கு ஏப்ரலில்தான் உறைத்தது.

முதலில் அந்தக் காலை நேரத்தைக் காலண்டரில் போடாததற்கு உண்மையாகவே ஒரு காரணம் இருந்தது. இடம் இல்லை. காலண்டர் ஒன்பது மணியில் தொடங்கியது, ஒன்பதுக்கு மேலே தேதிதான், தேதிக்கு மேலே கிழமை. ஏழையும் எட்டையும் எங்கே கொண்டுபோய் இழுப்பது? ஆபீஸ் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொண்டது சௌகரியமாகவும் இருந்தது. பிறகு ஒரு நாள் இன்பராஜ் அதிகாலையில் வெளிநாட்டுக்காரரிடம் பேசியதைப் பதிய வேண்டும் என்று, ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அம்புக்குறியைத் தட்டினான். புடவை மடிப்பு அவிழ்கிற மாதிரி மேலேயிருந்து எட்டு, ஏழு, ஆறு என்று நள்ளிரவு வரைக்கும் மணிகள் இறங்கின. "இது எப்பவும் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார். "இருக்கும் சார், மடிச்சு வெச்சிருப்பான். ராத்திரியெல்லாம் யாரு பாக்கப் போறான்னு." அன்றிலிருந்து இடம் இல்லை என்ற காரணம் செத்துவிட்டது. அதற்குள் ரகோத்தமன் ஒரு கூட்டத்தில், "சார் வயசுல நாமெல்லாம் இப்படி இருந்தா போதும்" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் கலியபெருமாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் வேலை வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்புதான். நீட்டிக்கிறவர் ரகோத்தமன். அம்புக்குறியைத் தட்டினால் ஏழிலிருந்து ஒன்பது வரை பச்சை விழும், விழுந்தால் ஒரு ஷீட்டுக்கு ஒரு மணி போதவில்லை என்று ஆகும், அப்படி ஆனால் அவர் மந்தமாகிவிட்டார் என்று தெரியும், அதற்கு மேல் ஏன் இரண்டு தடவை பார்க்கிறீர்கள் என்ற கேள்வி வரும், அதற்கு அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். கண் திறந்திருந்தது, நடுவில் ஆள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? டாக்டரிடமே சொல்லவில்லை. டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றார். கண் நன்றாக இருப்பதுதான் பயமே. ஆக, அம்புக்குறி அங்கேயே இருந்தது, கடுகளவு, சாம்பல் நிறத்தில். தினமும் கட்டம் போடும்போது மவுஸ் அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது.

மணி நான்கு ஆகப் போனது. எழுந்து பாத்ரூமுக்குப் போனார். ஜன்னல் வழியாகக் கீழே ஸ்கேன் சென்டர் வாசலில் ஒரு அம்மாள் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்காக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, படிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். காத்திருக்கிற நேரத்துக்கு என்ன நிறம் போடுவார்கள்? போன ஞாயிற்றுக்கிழமை மங்கை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, சும்மா இருந்த மனசு அவளுக்கும் ஒரு காலண்டர் போட்டுப் பார்த்தது. இட்லி, குளியல், சாமி, சந்தை, குழம்பு, பாத்திரம், துணி, பெண்ணுக்கு போன், மறுபடி பாத்திரம். வெள்ளையே விழவில்லை. மடித்து வைக்கவும் ஒரு இடம் இல்லை. அதை அவளிடம் சொன்னால், "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்பாள். சொல்லவில்லை. முகம் கழுவினார். கண்ணாடியில் முகம் சாதாரணமாக இருந்தது. இப்போது ரகோத்தமன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டி, சார் ஒரு நிமிஷம் என்று சொல்லலாம். கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை. கதவு வரைக்கும் போனாலும் கை தட்டாது. தன்னைப் பற்றி அவருக்கு அது தெரியும். இருபது வயதில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக் கூசித் தாகத்தோடு திரும்பியவர். மங்கைதான் அந்த வீட்டுப் பெண், இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். திரும்பி வரும்போது ஜெசிந்தாவின் மேஜையைத் தாண்டினார். "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. "முடிஞ்சுது சார், எல்லாம் பண்ணிட்டேன். அஞ்சு மணிக்கு மொத்தமா அனுப்பறாங்களாம்." நிமிராமலே சொன்னாள். அவள் விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருந்தது, பூத்தொடுத்த கை மாதிரி.

முடிந்துவிட்டது என்றாளே. இந்த வாரம் ஆஸ்பத்திரித் தூண்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. அவருடைய பங்கு வியாழனோடு முடிந்துவிட்டது. அவளுக்கு அடுத்த புதன் வரைக்கும் இழுக்கும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார். உட்கார்ந்து, எல்லோருடைய காலண்டரையும் காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். ஜெசிந்தாவின் பத்திகள் வந்தன. திங்களும் செவ்வாயும் நீளக் கட்டங்கள். புதனிலிருந்து குட்டைக் கட்டங்கள், ஒரு ஷீட்டுக்கு ஒரு மணி நேரம், இவருடையதைப் பார்த்து அச்சு எடுத்த மாதிரி. அப்பாடா என்றிருந்தது. பிடித்துக்கொண்டுவிட்டாள், சின்ன வயசு, கை பழகிவிட்டது. ரகோத்தமன் பார்ப்பார், சரி என்பார், அவளுக்கு வேலை நிரந்தரமாகும். இவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அம்புக்குறி மடிந்தபடியே இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பூட்டிக்கொள்ளும், பூட்டினபின் தொட முடியாது, தொட முடியாததைப் பற்றி யோசித்து ஆகப் போவதில்லை. தண்ணீர் குடித்தார். ஏசி சொட்டியது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தபோதுதான் அது வந்தது, மெதுவாக, வேறு யாரோ சொல்வதுபோல. ஒரு மணி நேரத்தில் ஒரு தூண் ஷீட்டை ஒருவர் பார்த்து முடிக்க முடியுமா? அவர் முடிக்கிறாரே. அவர் எங்கே முடிக்கிறார்? அவர் மறுநாள் காலையில் வந்து முடிக்கிறார். ஒரு மணி நேரம் என்று ஒரு வேகம் இந்த உலகத்திலேயே கிடையாது. அது அவர் கட்டிவிட்ட வேகம். அவளுக்குச் சாவி கிடையாது, காலை ஏழு மணி கிடையாது. பின்னே அந்த இன்னொரு மணி நேரத்தை அவள் எங்கேயிருந்து எடுத்தாள்? எடுக்கவில்லை. விட்டிருக்கிறாள். படிக்காமல் பூசியிருக்கிறாள். இவர் ஒரே ஒரு தடவை தெரியாமல் செய்ததை அவள் புதன்கிழமையிலிருந்து தெரிந்தே செய்திருக்கிறாள். இவர் மாதிரி ஆக வேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறாள். அந்த ஷீட்டுகள் ஐந்து மணிக்குப் போய்விடும். போன இடத்தில் ஒருவன் அதைப் பார்த்துக் கம்பி வெட்டுவான், வளைப்பான், கட்டுவான், மேலே காங்கிரீட் கொட்டிவிடுவான். கொட்டியபின் அதையும் யாரும் தொட முடியாது. மேலே ஆஸ்பத்திரி. கட்டிலில் ஆட்கள்.

அப்படி இருக்காது என்றும் தோன்றியது. இவர் நினைப்பது தப்பாக இருக்கலாம். அந்தப் பெண் கெட்டிக்காரி, உண்மையாகவே பழகியிருக்கலாம். கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன சொல்வாள், பார்த்தேன் சார் என்பாள், வேறென்ன சொல்வாள், இன்றைக்கு அவள் விஷயம் முடிவாகிற நாள். அவளைப் பற்றி ரகோத்தமனிடம் சொல்வது என்பதை நினைத்ததுமே உடம்பு கூசியது. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? அவளைச் சொல்ல வேண்டாம். தன்னைச் சொன்னால் போதும். தன்னுடைய கட்டங்கள் நிஜமானால் அவளுடைய கட்டங்கள் தாமாகவே பேசும். நினைப்பு வழக்கமான இடத்துக்கு வந்து தட்டிக்கொண்டு நின்றது. சார் வயசுல நாமெல்லாம். நீட்டிப்பு. திங்கட்கிழமை காலையில் போவதற்கு ஒரு இடம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து, மங்கை பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வது. அதையெல்லாம் அவர் தள்ளிவிடவில்லை, தள்ளினால் போகிற ஜாதி இல்லை அவை. அவை பாட்டுக்கு இருந்தன. கை மவுஸை எடுத்து அம்புக்குறியைத் தட்டியது. மணிகள் மேலேயிருந்து இறங்கின, எட்டு, ஏழு, ஆறு. திங்கட்கிழமைப் பத்தியில் ஏழில் வைத்து ஒன்பதுக்கு இழுத்தார். பாதியில் விரல் நழுவி எட்டேகாலில் நின்றது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். பச்சை. செவ்வாய். புதன்கிழமை பஸ் தாமதம், ஏழு இருபதுக்குத்தான் உட்கார்ந்தார், இருபதில் வைத்து இழுத்தார். வியாழன். வெள்ளி. போன வாரங்களைத் திறந்து பார்த்தார், எல்லாம் பூட்டிக் கிடந்தன. இந்த ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது. சப்மிட் என்ற பொத்தானை அமுக்கினார். அனுமதித்த நேரத்தைவிட அதிகம் என்று சிவப்பில் ஒரு வரி வந்து காரணம் கேட்டது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்: இரண்டாவது தடவை பார்த்தது. இன்னொரு தடவை அமுக்கினார். போய்விட்டது. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார். படபடக்கவில்லை. மறுபடி பாத்ரூம் போக வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

போக முடியவில்லை. ரகோத்தமன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், கையில் டீக் கப்போடு, சிரித்த முகத்தோடு. "சார், உங்க காலண்டர்ல என்னமோ ஆயிருக்கு. தினமும் ஏழுலேர்ந்து பச்சையா வருது. மவுஸ் இழுபட்டுடுச்சுபோல. நீங்க மெனக்கெடாதீங்க, நானே உள்ளேர்ந்து அழிச்சிடறேன்." நல்ல மனுஷன். நல்லதாகவே ஒரு வழியைத் திறந்து காட்டிவிட்டு நிற்கிறார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அறுபத்தியொரு வயதுக் கை, இழுபடாதா என்ன. கலியபெருமாள் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்ல வராது என்று தோன்றியது.

"இழுபடல சார். நாந்தான் இழுத்தேன்."

"ஏழு மணிக்கா? ஏழு மணிக்கு இங்க என்ன சார் வேலை?"

"நேத்துப் பாத்த ஷீட்டை இன்னொருவாட்டி பாப்பேன். தினமும் பாக்கறேன். ஒருவாட்டி பாத்தா எனக்கு நம்பிக்கை வரல. பிப்ரவரில ஒரு தப்பு எண்ணுக்கு மஞ்சள் பூசிட்டேன். நான் பூசினதே எனக்குத் தெரியல."

இன்பராஜின் நாற்காலி கிறீச்சிடுவது நின்றது. ரகோத்தமன் கப்பை இன்பராஜின் மேஜையிலேயே வைத்தார். "பிப்ரவரிலேர்ந்தா? ஒரு ஷீட்டுக்கு ஒரு மணி நேரம்னு நீங்க போட்டது?"

"அது முழுக் கணக்கு இல்ல சார்."

"அத வெச்சுத்தானே சார் வர்ற வேலைக்கெல்லாம் நான் நேரம் சொல்லிருக்கேன்! இந்த ஆஸ்பத்திரியே அந்தக் கணக்குலதான் எடுத்தது."

"தெரியும் சார்."

"தெரியும்ங்கறீங்க!" அவருக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. "சரி, இப்ப எதுக்குச் சொல்றீங்க? இன்னிக்கு?"

கலியபெருமாள் ஜெசிந்தா இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகவே சுவர் டிவியைப் பார்த்தார், அது அணைந்திருந்தது. "அஞ்சு மணிக்கு ஷீட்டை அனுப்ப வேணாம் சார். மொத்தத்தையும் இன்னொருவாட்டி பாக்கணும்."

"உங்களோடதத்தான் ரெண்டு தடவ பாத்துட்டீங்களே. மொத்தத்தையும்னா?"

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். பக்கெட்டில் சொட்டியது. ரகோத்தமன் இன்னொரு முறை கேட்க வாயெடுத்தபோது இரண்டு நாற்காலி தள்ளி ஒரு நாற்காலி நகர்ந்தது.

"என்னோடதுக்காகச் சொல்றாரு சார்." ஜெசிந்தா எழுந்து மஞ்சள் விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "புதன்கிழமையிலேர்ந்து நான் பாதிதான் பாத்தேன். மீதிக்குச் சும்மா பூசிட்டேன்."

"சும்மா பூசினீங்களா?"

"அவரு வேகத்துக்கு வரணும்னுதானே சார் சொன்னீங்க. வந்து பாத்தேன், வரல. பூசினா வந்துச்சு." பிறகு கலியபெருமாள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "மூணு மாசமா என்னய நானே மந்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சார். எங்கம்மா எனக்கு வல்லாரை லேகியம் வாங்கி வெச்சிருக்காங்க. காலைல ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன்."

இன்பராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கலியபெருமாளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. மன்னித்துக்கொள்ளம்மா என்பது பெரிய வார்த்தையாக, மேடையில் பேசுகிற வார்த்தையாகத் தோன்றியது. "கசக்குமே" என்றார். சொன்னபின்தான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. அவள் அவரையே பார்த்தாள். "கசக்குது" என்றாள்.

ரகோத்தமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கணக்குகள் எல்லாம் எங்கெங்கோ சரிந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. "ரெண்டு பேரு விஷயமும் திங்கக்கிழமை பேசிக்கலாம். என்ன ஆகும்னு இப்பக் கேக்காதீங்க, எனக்கே தெரியாது" என்றார். "ஷீட்டை நிறுத்தி வெக்கறேன். அங்க போன் பண்ணி ஏதாவது சொல்லணும், என்னத்தச் சொல்றதுன்னு..." டீயை மறந்துவிட்டு உள்ளே போனார்.

ஐந்து அடித்தபோது திரையில் வாரம் பூட்டிக்கொண்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கலியபெருமாள் தன் மேஜையில் இடம் ஒதுக்கினார். ஜெசிந்தா தன் ஷீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. "சும்மா வாங்கிக்காதீங்க சார். உங்களோடத எனக்குக் குடுங்க. நீங்க பாத்தத நான் பாக்கறேன், நான் பாத்தத நீங்க பாருங்க. ஏழு மணிக்கு எதுக்கு வரணும், அதுக்குத்தானே ரெண்டு பேரு இருக்கோம்?" கோபமாகத்தான் சொன்னாள். இத்தனை மாதத்தில் இந்த யோசனை அவருக்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் தன் ஷீட்டை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் வரவில்லைபோலிருக்கிறது. இரண்டு தடவை பார்த்த கட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, பிறகு விட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் தூண், முதல் கம்பி. ரகோத்தமன் கதவிடுக்கில் தலையை நீட்டி, போனைக் கையால் மூடிக்கொண்டு, "சார், லைன்ல இருக்காங்க. எத்தனை மணிக்குத் தருவீங்கன்னு கேக்கறாங்க. ஏழா, எட்டா? ஒரு நேரம் சொல்லுங்க" என்றார்.

கலியபெருமாள் நிமிர்ந்தார். ஒரு எண் நாக்கு நுனி வரை வந்தது. ஏழரை, அழகான எண், கேட்கிறவருக்கும் திருப்தியாக இருக்கும்.

"தெரியல சார்" என்றார். "பாத்து முடிச்சிட்டுச் சொல்றேன்."

குனிந்து, விட்ட இடத்தைத் தேடி, கிடைக்காமல், அந்தத் தூணை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.